பள்ளத்து அவரை

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

மூட்டு இரண்டும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டன; மற்றபடி குறையில்லை. நீங்களும் தங்கச்சியும் எப்படி? உங்க ரத்தக் கொதிப்பு இறங்கியதா, இல்லை யார்கூடவாவது சண்டை போட்டு ஏற்றி வைத்திருக்கிறீர்களா?

இதை எழுதுவது கீழ்வீட்டுத் தையற்காரம்மா. முன்னே எழுதிக்கொடுத்த தபால்காரர் ஊரை மாற்றிக்கொண்டு போய்விட்டார். இவங்க எழுத்து இவங்க தையல் மாதிரியே நேராகப் போகும் என்கிறார்கள். நேராகப் போனாலும் கோணலாகப் போனாலும் எனக்கு எறும்பு ஊர்வது மாதிரிதான். (ஐயா சொல்வதைத்தான் எழுதுகிறேன். எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் இப்படி அடைப்புக்குள் போடுவேன் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.)

நாம் வேலை பார்த்த கம்பெனி இடத்தை நாலு வருஷமாகப் பாத்தி பாத்தியாகப் பிரித்து அக்கம்பக்கத்து ஜனங்களுக்குக் காய்கறி போடக் கொடுத்திருக்கிறார்கள். பூக்கொட்டகை இருந்த இடத்தில் இப்போ தக்காளி. களைக்கொட்டகை இருந்த இடத்தில் வெண்டை. களையைக் கொல்ல மருந்து செய்த தரையில் செடி வளர்க்கிறான் மனுஷன்! தையற்காரம்மா "அது என்ன பூ" என்று கேட்கிறாங்க. பென்சாயிக் அமிலம் என்ற பேர் எங்க வாயில் நுழையாது. ஆவி கூடத்தில் குளிர்ந்து பஞ்சு மாதிரி, ஊசி ஊசியாகப் படியும்; மரத் துடுப்பால் சுரண்டி எடுப்போம்; அதனால் பூ. பக்கத்துக் கொட்டகையில் செய்தது களை மருந்து. அதற்குப் பேர் களை. இவ்வளவுதான் எங்க ரசாயனம்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த இடத்துப் பள்ளத்தில் கிணறு வெட்டப் போகிறார்கள். பாத்திகளுக்கும், எங்க வரிசை முப்பது வீட்டுக்குக் குடிக்கவும் அந்தத் தண்ணீர்தான். நீர்வாரியப் பொறியாளர் ஒருத்தர் வந்தார், சின்ன வயசு, நல்ல மாதிரி. கையில் நம்ம பழைய ரெஜிஸ்டரின் நகல். "பள்ளத்தில் ஆறு டிரம் பென்சாயிக் அமிலம் புதைத்தது என்று இருக்கிறது, உண்டா ஐயா?" என்று கேட்டார். ரெஜிஸ்டரில் இருந்தால் உண்டு என்றேன். அவர் போன பிறகு எனக்கு ஒரே யோசனை. இவ்வளவு வருஷம் மண்ணுக்குள் கிடந்தால் பூ என்ன ஆகும்? அப்படியே இருக்குமா, கரையுமா, வேறு ஏதாவதாக மாறுமா? உங்களுக்குத்தான் தெரியும்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லுங்க.

இப்படிக்கு,
மூக்கு

(ஏன் "மூக்கு" என்று கையெழுத்து என்று கேட்டேன். சிரித்தார், சொல்லவில்லை. பள்ளத்தின் ஓரப் பாத்தி என்னுடையது. இந்த வருஷம் அவரைச்செடி எல்லாம் திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஊடே இருக்கும் புல் மட்டும் ஜம்மென்று இருக்கிறது. அதையும் கேட்கச் சொன்னேன், "பிறகு" என்றுவிட்டார்.)


மார்ச் 15

அன்பு மச்சானுக்கு,

என் கொதிப்பைப் பற்றி உங்க தங்கச்சியிடம் கேளுங்க, அடுப்பு அவள்தான். நலமாகவே இருக்கிறோம். தையற்காரம்மாவுக்கு என் வணக்கம். அம்மா, அவரை "மூக்கு" என்பது ஏன் என்று நான் சொல்கிறேன். மூடின டிரம்மின் மூடியை விரலளவு தூக்கி, ஒரு மோப்பம் பிடித்து, உள்ளே இருப்பது என்ன, எந்த வாரம் செய்தது என்று சொல்லுவார். ஒரு தும்மல் வந்தால் பூ. மூன்று தும்மலும் கண்ணீரும் வந்தால் களை. சோதனைக்கூடத்தில் நான் அரைநாள் கண்ணாடிக் குழாயோடு மாரடித்துச் சொல்வதை இவர் அரைநொடியில் சொல்லிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விடுவார்.

மச்சான், பூவுக்கும் சாம்பிராணிக்கும் ஒரே வம்சம். அந்தக் காலத்தில் சாம்பிராணிப் பிசினைச் சூடாக்கி, கிளம்பும் ஆவியைக் காகிதக் கூம்பில் பிடித்துத்தான் இந்த அமிலத்தை எடுத்தார்கள். ஆகையால் நான் உங்களைச் சாம்பிராணி என்று திட்டினதெல்லாம் மரியாதைக் கணக்கில் சேரும். நாம் செய்தது வேறு வழி: டொலுயீன் எண்ணெயைக் கொதிகலனில் ஏற்றி, கோபால்ட் உப்பு ஒரு சிட்டிகை போட்டு, அடியிலிருந்து காற்றை ஊதினோம். மூடி போட்ட நெருப்பு மாதிரி அது. முழுசாக எரிய விடாமல் பாதியில் நிறுத்தினால் பூ.

உருவம் சொல்கிறேன். ஆறு கரி அணு கைகோத்து வட்டமாக நிற்கிறது. அதில் ஒன்றுக்கு மட்டும் ஒரு வால். வால்தான் அமிலம். இந்தக் குடும்பம் உங்க வீடு முழுக்க இருக்கிறது. ஒரு வால்காரன் உப்பாகி ஊறுகாயையும் பழச்சாற்றையும் கெடாமல் காக்கிறான். படர்தாமரைக் களிம்பிலும் அவனேதான். எதிரெதிரே இரண்டு வால் இருந்தால் தண்ணீர் பாட்டில், பாலியஸ்டர் நூல். தையற்காரம்மா தினமும் ஊசியில் கோப்பது அதைத்தான். வாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொம்பு முளைத்தால் உங்க மூட்டுவலி மாத்திரையின் தகப்பன்.

மண்ணில் என்ன ஆகும்? கவலையே வேண்டாம். மண்ணில் இருக்கும் கிருமிகளுக்குப் பூ என்றால் விருந்து. வளையத்தில் இரண்டு கொக்கி மாட்டும், இழுக்கும், வளையம் வாயைப் பிளக்கும். பிறகு சர்க்கரை மாதிரி தின்று தீர்த்துவிடும். கடைசியில் மிஞ்சுவது காற்றும் தண்ணீரும். சில நாள், மிஞ்சினால் சில வாரம். அதனால்தான் மழையில் நனைந்து கெட்ட பூவை வெறும் மண்ணில் புதைக்கலாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். களையை மட்டும் மேட்டில் சிமெண்டுத் தொட்டியில் அடைக்கச் சொன்னேன்.

ரெஜிஸ்டரின் நகலில் என் கையெழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா? முப்பது வருஷம் எழுதினேன், ஒரு அடித்தல் கிடையாது. அதை நம்பிக் கிணறு வெட்டுகிறார்கள் என்று கேட்க, உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கத்தான் செய்கிறது.

அன்புடன்,
ரெஜிஸ்டர்


மார்ச் 27

மாப்பிள்ளைக்கு,

உங்க கடிதத்தை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்றாம் தரம் தையற்காரம்மா படிக்கும்போது வரி வருவதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன், அவங்களுக்குக் கோபம். உடம்பு பரவாயில்லை. இருமல் இருக்கிறது, ஆனால் வயசான இருமல், ஒன்றும் செய்யாது.

வளையத்தை வாய் பிளக்க வைக்கிற கிருமியை நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. ராட்சசக் கொதிகலன் வைத்து நாம் கட்டினதை அது பல்லே இல்லாமல் பிரித்துவிடுகிறதே! அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாம் கம்பெனி வைப்பதற்கு முன்னால் அது எதைத் தின்றது? சாம்பிராணி மரம் உதிர்ந்து விழுந்து பழகியிருக்குமோ?

இன்னொன்று. எல்லா வளையத்தையும் அது பிளந்துவிடுமா? களையையும்? களையும் வெள்ளை, பூவும் வெள்ளை. நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கிருமிக்கு மட்டும் வித்தியாசம் தெரியுமா?

சும்மா கேட்கிறேன்.

மூக்கு

(சும்மா இல்லை. நேற்று என் பாத்திக்கு வந்து அவரைச்செடி முன்னால் ஒரு மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், அந்த மூட்டோடு. எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுத்தோம். அவரை ஏன் முறுக்குகிறது, புல் ஏன் முறுக்கவில்லை என்று கேட்டு நானாகவே எழுதுகிறேன். இப்போது "சரி, போடுங்க" என்கிறார்.)


ஏப்ரல் 10

அன்பு மச்சானுக்கு,

இங்கே சுகம். எனக்கு இடது கண்ணில் புரை என்கிறார்கள்; வலது கண் இருக்கிறதே என்று சொல்லியிருக்கிறேன்.

நல்ல கேள்வி கேட்டீர்கள். களையும் பூவும் ஒரே எலும்புக்கூடுதான். அதே வளையம், அதே வால். ஆனால் களையில் வளையத்தைச் சுற்றி மூன்று இடத்தில் குளோரின் ஏறி உட்கார்ந்திருக்கும். மூன்று காவல் நாய் என்று வைத்துக்கொள்ளுங்க. கிருமி கொக்கி மாட்ட வரும். எந்தப் பக்கம் வந்தாலும் நாய். பாவம், திரும்பிப் போய்விடும். அதனால்தான் களை மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், தண்ணீரோடு தண்ணீராக நகரவும் நகரும்.

செடி முறுக்குவது பற்றி: செடிக்கு உள்ளேயே "வளரு" என்று சொல்கிற ஒரு சத்து உண்டு. களை அதே குரலில் பேசும். அவரையும் தக்காளியும் அதை நம்பி, நிறுத்தத் தெரியாமல் ஒரு பக்கமாகவே வளர்ந்து முறுக்கிக்கொண்டு சாகும். புல் ஜாதி காதில் வாங்காது. நம்ம களை மருந்தின் வித்தையே அதுதான்.

ஆனால் தையற்காரம்மா பயப்பட வேண்டாம். களை இருப்பது மேட்டில், சிமெண்டுக்குள்ளே. பள்ளத்தில் இருந்தது பூ, அதுவும் எப்போதோ கரைந்து போயிருக்கும். அவரைக்குப் பூச்சியோ நோயோ வந்திருக்கும். சாம்பல் தூவிப் பாருங்க.

ரெஜிஸ்டர்

அண்ணா, நான் தங்கச்சி. இவர் எழுதினதன் அடியில் இரண்டு வரி. உங்க மருமகளுக்கு அடுத்த மாதம் முப்பத்தெட்டு முடிகிறது. "நான் பிறந்தப்போ மாமா என்னைத் தூக்கவே இல்லையாமே" என்று இன்னும் குத்திக் காட்டுகிறாள். சளி பிடித்து மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றீர்கள், பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாது என்று. அதைச் சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறாள். ஒரு நடை வந்துவிட்டுப் போங்களேன்.


ஏப்ரல் 30

மாப்பிள்ளைக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. ஒரு வேலையில் இருந்தேன். கண்ணைக் காட்டி வைத்தியம் பண்ணிக்கொள்ளுங்க. இருக்கிற ஒன்றை நம்பி இன்னொன்றை விட்டவன் கதை உங்களுக்கே தெரியும்.

எட்டுப் பெயிண்ட் டப்பா வாங்கி வந்தேன். பள்ளத்து நடுவில் ஒரு டப்பா மண், பத்து அடி தள்ளி ஒன்று, இன்னும் பத்து அடி தள்ளி ஒன்று, இப்படி எட்டு. எனக்கு எண் எழுத வராதே, அதனால் முதல் டப்பாவில் ஒரு கல், இரண்டாவதில் இரண்டு கல், எட்டாவதில் எட்டுக் கல். ஒவ்வொன்றிலும் மூன்று அவரை விதை. மொட்டை மாடியில் வைத்துத் தினம் ஒரே அளவு தண்ணீர்.

ஆறாம் நாள் எல்லாம் முளைத்தது. பதினோராம் நாள் ஒரு கல்லும் இரண்டு கல்லும் முறுக்கிவிட்டன. இலை கிண்ணம் மாதிரி குழிந்து, தண்டு தன்னைத் தானே கட்டிக்கொண்டது. மூன்று கல் கொஞ்சம் சந்தேகமாக நிற்கிறது. நாலிலிருந்து எட்டுவரை ராணுவ வீரன் மாதிரி நேர். மேட்டுப் பக்கம்தான் எட்டுக் கல்.

பூச்சி என்றால் மாடிக்கு ஏறி வந்து, ஒரு கல்லையும் இரண்டு கல்லையும் எண்ணிப் பார்த்தா கடித்தது?

மருமகளுக்கு என் ஆசீர்வாதம். தங்கச்சி எழுதினதைக் கேட்டேன்.

மூக்கு

(அந்தக் கடைசி வரியைச் சொன்ன பிறகு, "வேறு ஏதாவது போடவா ஐயா" என்றேன். "இப்போ வேண்டாம்" என்றார்.)


மே 12

மச்சானுக்கு,

நலம்.

உங்களுக்கு எதற்கு இந்தப் பெயிண்ட் டப்பா விளையாட்டெல்லாம்? எண்பத்திரண்டு வயசில் மாடிப்படி ஏறி விழுந்து வைத்தால் யார் பார்ப்பது? அவரை முறுக்க ஆயிரம் காரணம் உண்டு. பக்கத்து வயலில் யாராவது மருந்து அடித்திருப்பார்கள், காற்றில் வந்திருக்கும்.

ரெஜிஸ்டரில் தெளிவாக இருக்கிறது: பள்ளம், ஆறு டிரம், பென்சாயிக், சோதித்துப் பார்த்தது, சரி. கீழே என் கையெழுத்து. அதற்கு மேல் என்ன வேண்டும்?

டப்பாவை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு மூட்டுக்கு எண்ணெய் தேயுங்க.

ரெஜிஸ்டர்


மே 20

மாப்பிள்ளைக்கு,

நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்தத் தடவை என் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதமாக உங்களிடம் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நேராகச் சொல்லாததற்குக் காரணம், இதை எழுதுகிறவங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளத்து ஓரம் இவங்க பாத்தி. அந்தக் கிணற்றுத் தண்ணீர் இவங்க குடத்துக்குத்தான் போகும். இவங்க கையாலேயே இதை எழுத வைக்க எனக்கு வாய் வரவில்லை. தையற்காரம்மா, நிறுத்தாதீங்க, எழுதுங்க.

எனக்கு எழுத்துத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வேலை வாங்கித் தந்தவர் நீங்க. தெரியாது என்று அப்போ உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். லேபிள் படிக்க வேண்டிய இடத்தில் மூக்கை வைத்து இருபத்தேழு வருஷம் ஓட்டினேன். ஒரு நாள் தவிர.

அன்று புதன்கிழமை. தங்கச்சிக்கு விடியற்காலையில் வலி எடுத்தது, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டீர்கள். பன்னிரண்டு டிரம். ஆறு, நனைந்து கெட்ட பூ. ஆறு, தரத்துக்கு வராத களை. களைக்கொட்டகையில் டிரம் தீர்ந்துபோய்ப் பூக்கொட்டகையின் நீல டிரம்மையே வாங்கி அடைத்திருந்தார்கள். லேபிள் மட்டும்தான் வித்தியாசம். முதல் நாள் இடது வரிசை பூ, வலது வரிசை களை என்று நானே அடுக்கச் சொன்னேன். ராத்திரி மழை. காலையில் வந்தால், தண்ணீர் தேங்குகிறது என்று காவலாளி எல்லாவற்றையும் வரிசை வரிசையாகத் தூக்கி வேறு இடத்தில் நிறுத்தியிருந்தான். இடது எது, வலது எது என்று அவனுக்கே தெரியவில்லை.

மூடியைத் தூக்கினேன். ஒன்றும் வரவில்லை. மூன்று நாளாக எனக்குச் சளி. மூக்கு கல் மாதிரி அடைத்துக் கிடந்தது. பன்னிரண்டு டிரம்மையும் மோந்தேன். தும்மல் வந்தது, ஆனால் எதை மோந்தாலும் வந்தது, சளித் தும்மல்.

லேபிளைப் படித்துச் சொல்ல ஆள் கூப்பிடலாம். கூப்பிட்டால் எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்துவிடும். தெரிந்தால் என் வேலையோடு உங்க வேலையும் போகும், பொய்க் கையெழுத்துப் போட்டதற்கு. அதுவும் பிள்ளை பிறக்கிற அன்றைக்கு. ஒரு வரிசையைக் கை காட்டினேன், "இது பள்ளத்துக்கு" என்றேன். மிச்சம் மேட்டுக்குப் போனது. பாதிக்குப் பாதி. சரியாகக்கூட இருக்கலாம் என்று முப்பத்தெட்டு வருஷம் இருந்தேன். இந்த வருஷம்தான் டிரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்க வேண்டும். அவரைச்செடி சொல்லிவிட்டது.

உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று சொல்கிறேன். பொறியாளரிடமும் சொல்லத்தான் போகிறேன். சொன்னால் உங்க ரெஜிஸ்டரில் விழும் முதல் அடித்தல் அது. உங்க வார்த்தை வரட்டும் என்று பார்க்கிறேன்.

மூக்கு

(நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். "திட்டுங்கம்மா" என்றார். "எழுதி முடித்துவிட்டுத் திட்டுகிறேன்" என்றேன். முடித்துவிட்டேன். திட்டவும் செய்தேன். காய்களை எல்லாம் பறித்துப் புதைத்துவிட்டேன்.)


ஜூன் 16

மாப்பிள்ளைக்கு,

இருபத்தேழு நாளாகிறது. புதுத் தபால்காரரை நான் பார்க்கிற பார்வையில் அவர் எதிர்ச்சாரியில் நடக்கிறார். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோபம் என்றால் கோபமாகவாவது இரண்டு வரி போடுங்க.

இதோடு ஒரு பார்சல் வரும். இரண்டு டப்பா மண், ஒரு பொட்டலம் விதை. எது எங்கே எடுத்த மண் என்று சொல்லமாட்டேன். சொன்னால் உங்க மூளை ஒரு பக்கம் சாயும். டப்பாவின் அடியில் ஆணியால் கீறியிருக்கிறேன்: வட்டம் போட்டது பள்ளம், கோடு போட்டது மேடு. முளைத்து இலை விட்ட பிறகு திருப்பிப் பாருங்க. பார்க்காமல் சோதிப்பதுதான் சோதனை என்று நீங்கதான் சொல்லுவீர்கள்.

ஜூலை இருபதாம் தேதி கிணற்றுக்கு மண் அள்ளும் இயந்திரம் வருகிறதாம். அதற்கு மேல் காத்திருக்க முடியாது. ஒன்றாம் தேதி போய்ச் சொல்கிறேன்.

மூக்கு


ஜூலை 3

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் தையற்காரி. இந்தக் கடிதம் முழுக்க என்னுடையது, அடைப்புக்குறி இல்லை. உங்க மச்சானுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீங்க எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

ஒன்றாம் தேதி அவரைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். எட்டு டப்பாவையும் இரண்டு கூடையில் தூக்கிப் போனோம். பொறியாளர் உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார், எல்லாம் கேட்டார். கடைசியில், "ஐயா, ரெஜிஸ்டரில் 'சோதித்துப் பார்த்தது' என்று கையெழுத்து இருக்கிறது. சோதனைக்கூடத்தில் எழுதி வைத்தது பெரிசா, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் பிடித்த சளி பெரிசா, நீங்களே சொல்லுங்க. மேலதிகாரியிடம் நான் சளியைக் காட்ட முடியுமா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கும் வருத்தம்தான். அந்த ரெஜிஸ்டரில் இருக்கும் பெயருக்கு மட்டும்தான் மண்ணைச் சோதிப்பார்களாம். பென்சாயிக் தேடினார்கள், இல்லை என்று வந்துவிட்டது. அதனால் இடம் சுத்தம்.

உங்க மச்சான் வீட்டுக்கு வந்து, "எனக்கு எழுத்துத் தெரிந்திருந்தால் நம்பியிருப்பார்களோ" என்றார். அப்போதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஐயா, எனக்கு ரசாயனம் தெரியாது. ஆனால் கோணல் தையலைப் பிரிக்க ஒரே வழிதான் உண்டு, தைத்த நூலையே இழுக்க வேண்டும். இங்கே தைத்தவர் நீங்க.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரி


ஜூலை 9

அன்பு மச்சானுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்க மே மாதக் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். ஒரு மாதம் அந்த இழுப்பறையைத் திறக்கவில்லை. கண்ணாடி அதற்குள் இருந்தது. கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படித்தேன். உங்க தங்கச்சிக்குப் புரிந்துவிட்டது, ஆனால் கேட்கவில்லை.

பார்சல் இருபத்தொன்றாம் தேதி வந்தது. இரண்டையும் ஜன்னலில் வைத்தேன். இடது டப்பா, வலது டப்பா என்று மட்டும் தாளில் குறித்தேன். காலையும் மாலையும் உயரம் அளந்தேன். எத்தனையோ வருஷம் கழித்து அளவுகோல் பிடித்தது சுகமாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஒன்பதாம் நாள் இடது டப்பாவில் இலை குழிந்தது. பன்னிரண்டாம் நாள் தண்டு முறுக்கியது. உங்க தங்கச்சியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். "வட்டம்" என்றாள்.

இப்போ என் முறை. நீங்க சொன்னதில் ஒரு விஷயம் எனக்குப் புதுசில்லை. உங்களுக்குச் சளி என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். நீங்க மூக்கில் துணியோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றீர்கள். பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டினேன், வேண்டாம் என்று பின்வாங்கினீர்கள். மறுநாள் காலை சோதனைக்கூடத்தில் ரெஜிஸ்டரைத் திறந்தேன். டிரம்முக்கு ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட வேண்டும். பன்னிரண்டும் மண்ணுக்குள்ளும் தொட்டிக்குள்ளும் போயிருந்தன. பேனாவை மையில் தொட்டபோது அந்தத் துணி கட்டின முகம் ஞாபகம் வந்தது. வந்ததா இல்லையா என்று இந்த ஒரு மாதம் என்னையே கேட்டுக்கொண்டேன். வந்தது மச்சான். வந்தும் எழுதினேன், "சோதித்துப் பார்த்தது, சரி" என்று. உங்களுக்காவது மூக்கு அடைத்திருந்தது. எனக்கு எல்லாம் திறந்திருந்தது.

பொறியாளருக்கு நேராக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். அதன் நகலைத் தையற்காரம்மா உங்களுக்குப் படித்துக் காட்டட்டும்:

"அந்தப் பதிவு என்னுடையது. ஆறு டிரம்மையும் நான் சோதிக்கவில்லை. இந்த மாதம்தான் சோதித்தேன். பள்ளத்து மண்ணில் குளோரின் ஏறிய அமிலத்தைத் தேடுங்க. 'சோதித்துப் பார்த்தது, சரி' என்ற வரியை அடித்து, 'சோதித்துப் பார்க்கவில்லை, சரியில்லை' என்று திருத்திக்கொள்ள வேண்டும். திருத்தியவன் என்று என் பெயரைப் போடவும்."

தையற்காரம்மாவுக்கு: நூலை இழுத்துவிட்டேன் அம்மா.

ரெஜிஸ்டர்


அக்டோபர் 2

மாப்பிள்ளைக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி தொலைபேசியில் சொன்னாள். இனிமேல் நான் எழுத வைப்பதை இரண்டு கண்ணாலும் படிக்கலாம். என் மூட்டும் மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறது, முனகலாகத்தான்.

ஆறு டிரம்மையும் எடுத்துவிட்டார்கள். நாலு ஓட்டை, இரண்டு முழுசு. முழுசாக இருந்த ஒன்றின் மூடியை முகமூடிக்காரர்கள் தூக்கினபோது நான் வேலிக்கு வெளியே இருபது அடி தள்ளி நின்றேன். மூன்று தும்மல், கண்ணீர். "களை" என்றேன். பொறியாளர் திரும்பிப் பார்த்து, "மேலதிகாரியிடம் இதைக் காட்டலாம் ஐயா" என்றார். சோதனைக்கூடத்துக் காகிதம் பத்து நாள் கழித்து வந்து அதையேதான் சொன்னது. கிணறு இப்போ மேட்டுக்கும் அந்தப் பக்கம், ஓடைக்கரையில். தொட்டியில் இருந்தது பூதான். அதையும் தோண்டிப் பார்த்துவிட்டார்கள். காற்றும் மண்ணும் படாமல் அன்று அடைத்தது மாதிரியே வெள்ளையாக இருக்கிறதாம். தின்கிறவனிடம் போகாத சோறு.

இன்னொரு சேதி, உங்களுக்கென்றே கேட்டு வைத்தேன். டிரம் ஒழுகின இடத்து மண்ணைச் சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்களாம். ஓரத்து மண்ணில் களை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. உள்ளே ஏதோ ஒரு கிருமி மெதுவாக நாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு வளையத்தைப் பிளக்கப் பழகியிருக்கிறது என்கிறார் பொறியாளர். எங்கே படித்தது அது? யார் கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்த்தது? யோசித்து எழுதுங்க.

மருமகளிடம் சொல்லுங்க, அடுத்த மாதம் வருகிறேன். தூக்க மூட்டு இடம் கொடுக்காது. தலையில் கை வைக்கிறேன். சளி இருந்தால் வரமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

சந்தேகமாக நின்ற மூன்று கல் டப்பாவில் பழைய செடியைப் பிடுங்கிவிட்டு, அதே மண்ணில் போன மாதக் கடைசியில் புது விதை போட்டேன். நேற்று இலை விரிந்தது. கிண்ணமாகக் குழியவில்லை. காலையில் மறுபடி ஏறிப் போய்ப் பார்த்தேன். நேராகத்தான் நிற்கிறது.

மூக்கு

(நானும் ஏறிப் பார்த்தேன். நேர்தான்.)